தொட்டியில் நனையாத பேனர்

"தப்பாச் சொல்லிடுவேனோன்னு பயமா இருக்கு சாமி. அஞ்சாவதோட பள்ளிக்கூடத்தை விட்டவ நான். கோபத்துல முன்னுக்குப் பின் வரும்," என்றாள் அமராவதி.

"அப்ப பின்னாலிருந்தே சொல்லுக்கா," என்றாள் கரட்டுச் சாமி.

ஊரை ஒட்டிய கரட்டுக் குன்றின் மேல் தனியாக இருக்கும் அவள் ஊருக்கே சாமி. ஆனால் அமராவதியைவிடப் பத்து வயது இளையவள். அதனால் சாமி அமராவதியை அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

"என் மெஷினோட வயிறு கருகிப்போச்சு. சுரண்டிச் சுரண்டி இப்பத்தான் மறுபடி ஓடுது."

"அதுக்கு முன்னாலே?"

"புகை. என்கிட்ட வேலை செய்யற நாலு பொம்பளைங்களோட இருமிக்கிட்டே ரோட்டுக்கு ஓடினேன்."

"அதுக்கும் முன்னாலே?"

"அதுக்கும் முன்னாலே, அரசாங்கம் எனக்கு உதவி பண்ண வந்துச்சு."

சாமி சிரித்தாள்.

பழைய பிளாஸ்டிக் கவர், குடம், வாளி எல்லாம் உருக்கி, குருணையாக்கி விற்பது அவள் தொழில். மறுசுழற்சிக்காரர்களைக் கைதூக்கிவிடும் திட்டம் என்று சொல்லி அதிகாரிகள் அவள் கடை வாசலில் பந்தல் போட்டார்கள். பெரிய பேனர் கட்டினார்கள். பேசினார்கள். பேனரை விட்டுவிட்டுப் போனார்கள். அமராவதி அதைக் கிழித்து மெஷினில் போட்டாள்.

"கப்பல்ல வர்ற புதுக் குருணைக்குச் சலுகை. குப்பையிலிருந்து நான் எடுக்கிற குருணைக்கு வரி. மூணு தோலை ஒண்ணா ஒட்டி கம்பெனிக்காரன் சிப்ஸ் பாக்கெட் போடுறான், எந்தச் சாமி வந்தாலும் அதை உரிச்சு உருக்க முடியாது. அவனைக் கேக்க ஆளில்லை. புகை வந்துச்சுன்னு என் கடைக்குத்தான் பூட்டாம். அந்தப் புகையே அவங்க பேனர் சாமி!"

மூச்சு வாங்கினாள்.

"நாளைக்கு மறுபடி வர்றாங்க. திட்டத்தால பிழைச்சவன்னு என்னை நிறுத்திப் பொன்னாடை போடணுமாம். நின்னா பொய். நிக்கலைன்னா பூட்டு. நாலு குடும்பம் சாமி."

சாமி, அமராவதி கொண்டுவந்த தட்டிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்துச் செம்புத் தண்ணீரில் போட்டாள். மிதந்தது. எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அடுத்ததைப் போட்டாள்.

"என்ன சாமி, நான் கொண்டு வந்ததையே சந்தேகப்படுறீங்களா?"

"உன் கடையில செய்யறதுதானே?"

செய்கிறதுதான். கடைக்குள் வரும் எதையும் முதலில் தண்ணீர்த் தொட்டியில் போடுவார்கள். மிதப்பது மெஷினுக்கு. மூழ்குவது வெளியே. மூழ்குகிற சாதிப் பிளாஸ்டிக்கை உருக்கினால் புகைந்து மெஷினையே தின்றுவிடும்.

"உன் மாமியார் வீட்டு வாளி வந்தா?"

"முதல்ல தொட்டிதான்."

"கோயில் குடம்?"

"அதுவும் தொட்டிதான். சாமி குடம்னா தண்ணி பயப்படுமா?"

"பேனரைப் போட்டியா?"

அமராவதி இல்லையென்று தலையை ஆட்டினாள்.

"ஏன்க்கா போடலை?"

"அது... கவர்மெண்டு பேனர் சாமி."

சொன்ன பிறகுதான் சொன்னது அவள் காதில் விழுந்தது. ஊரெல்லாம் சுற்றிய கோபம் திரும்பி வந்து அவள் மேலேயே விழுந்தது.

"நாளைக்கு நான் நிக்கவா, வேண்டாமா?"

சாமி செம்பை அவள் கையில் கொடுத்தாள்.

"வெயில் ஏறுது. இறங்குக்கா."

மறுநாள் அதிகாரிகள் வந்தபோது தொட்டி கடை வாசலில் குறுக்கே கிடந்தது. விளிம்புவரை தண்ணீர்.

"என்னம்மா, வழியை மறிச்சு வச்சிருக்கே?"

"உள்ளே வர்றதெல்லாம் இதுல விழுந்துதான் சார் வரணும். கடை வழக்கம்."

அவர்கள் கொண்டுவந்த புதுப் பேனரின் மூலையைக் கத்தரித்துத் தொட்டியில் போட்டாள். மூழ்கியது. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

அதிகாரி குரலைத் தாழ்த்தினார். "திட்டம் வேண்டாமா உனக்கு?"

"வேணும் சார். புதுசுக்கும் பழசுக்கும் ஒரே வரின்னு கொண்டு வாங்க. உரிக்கிற மாதிரி பாக்கெட் போடச் சொல்லிட்டு வாங்க. நனைச்சுப் பார்த்து எடுத்துக்கிறேன்."

"பூட்டிடுவேன், தெரியுமா?"

"பூட்டுங்க. எந்தப் பேனர் புகைஞ்சதுன்னு சேர்த்து எழுதிப் பூட்டுங்க."

கேமராக்காரர் காத்திருந்தார். அதிகாரி அவசரமாகப் பொன்னாடையை நீட்டினார்.

அமராவதி அதை இரண்டு கையாலும் பணிவாக வாங்கினாள். தொட்டியில் போட்டுக் குனிந்து பார்த்தாள்.