கிழிக்காத செக்

இந்தக் கதைக்குத் தீர்ப்புச் சொல்லப்போவது நீங்கள். ஆகவே நடுவில் யார்மேலும் கோபப்பட்டுவிடாமல் கடைசிவரை கேளுங்கள்.

ஈரோட்டில் தெய்வசிகாமணி என்றொரு ஜவுளி வியாபாரி. சொந்தத் தறிக்கூடம், கடைவீதியில் கடை, எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு பெருமை: அவர் கொடுத்த செக் ஒன்றுகூட வங்கியிலிருந்து திரும்பியதில்லை. உண்மையைச் சொன்னால், அவற்றில் பாதி வங்கிக்கே போனதில்லை. அந்தக் கடைவீதியின் வழக்கம் அப்படி. நூல் வாங்குகிறவர் தேதி எழுதாத செக்கில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். நூல் விற்றவர் அதைப் பத்திரமாக வைத்திருப்பார். போனில் கூப்பிட்டு, "போட்டுரட்டுங்களா?" என்று கேட்காமல் வங்கிப் பக்கம் கொண்டுபோக மாட்டார். இப்போதெல்லாம் பணம் போனிலேயே வந்துவிடுவதால், வந்ததும் செக்கைக் கிழித்துப் போடுவதோடு சரி. கிழித்தாயா என்று திருப்பிக் கேட்பது அங்கே பெரிய அவமரியாதை.

சிகாமணிக்கு நூல் கொடுப்பவர் பொங்கியண்ணன். வயதில் இளையவர், சிகாமணி சொன்னால் அதற்கு மறுபேச்சுப் பேசாதவர். ஒரு தடவை மூன்று லட்சத்துக்கு நூல் வந்தது, வழக்கம்போல் செக் போனது. சில வாரம் கழித்துச் சிகாமணி போனில் பணத்தை அனுப்பினார். 'உங்கள் கணக்கிலிருந்து மூன்று லட்சம் எடுக்கப்பட்டது' என்று செய்தி வந்தது. அதற்குப் பின்னால் வந்த செய்தியை அவர் படிக்கவில்லை. கடன் வேண்டுமா, வீட்டுமனை வேண்டுமா என்று ஓயாமல் கேட்கும் செய்திகளை யார்தான் படிக்கிறார்கள்? உடனே பொங்கியண்ணனைக் கூப்பிட்டார்.

"பணம் போட்டுட்டேன் பொங்கி, வந்துருச்சா?"

"நீங்க போட்டா வராம எங்க போகுதுங்ண்ணா? வந்துருச்சுங்க. செக்கைக் கிழிச்சுப்போடறேன்."

கேட்ட வாய் மூடுவதற்குள் பதில் வந்துவிட்டது. சிகாமணிக்கு நிம்மதி. அந்த மாதம் அவர் கணக்கில் பணம் கொஞ்சம் தாராளமாகவே இருந்தது. வியாபாரம் நன்றாகப் போகிறது என்று மகிழ்ந்து, தறிக்கூடத்துக்குப் புதுக் கூரை போட்டார்.

மழைக்காலம் முடிவதற்குள் பொங்கியண்ணன் நெஞ்சுவலியில் போய்விட்டார். சிகாமணி துக்க வீட்டில் வாய்விட்டு அழுதார். பொங்கியண்ணனின் ஒரே மகள் மேகலையின் தலையைத் தொட்டு, "எதுனாலும் பெரியப்பனைக் கூப்புடு அம்மணி" என்றார். அந்தப் பெண்தான் பிறகு அப்பாவின் கடையில் உட்கார்ந்தாள்.

ஒருநாள் வங்கியிலிருந்து சிகாமணிக்குத் தகவல் வந்தது. கணக்கில் போதிய பணம் இல்லாததால் அவருடைய மூன்று லட்ச ரூபாய் செக் திரும்பிவிட்டது. தேதியை எழுதிப் போட்டவள் மேகலை.

அன்று சந்தை நாள். கடைவீதி நிறைய வெளியூர் வியாபாரிகள். சிகாமணி செருப்பைக்கூடக் கழற்றாமல் மேகலையின் கடைக்குள் போனார்.

"பணத்தையும் வாங்கிட்டுச் செக்கையும் ஒளிச்சு வெச்சிருந்திருக்கறான் உங்கப்பன்! வந்துருச்சுன்னு அவன் வாயாலயே சொன்னான். செத்த பொறகும் என்ர காசைத் திருடறானா?"

தெருவில் போனவர்கள் நின்றுவிட்டார்கள். அவர் போனைத் திறந்து அந்தச் செய்தியை மேசைமேல் நீட்டினார். மேகலை அதை வாங்கிப் படித்தாள். படித்துவிட்டு எழுந்து அவர் பக்கத்தில் வந்தாள். அவர் கத்திய கத்தலுக்கு அவளும் கத்தியிருக்கலாம். அவளோ அவருக்கு மட்டும் கேட்கும்படி பேசினாள்.

"இதுக்கு அடுத்தது ஒண்ணு வந்திருக்குதுங்க பெரியப்பா. பணம் போய்ச் சேரலை, உங்க கணக்குக்கே திரும்பி வந்துருச்சுன்னு போட்டிருக்குதுங்க."

சிகாமணிக்கு அந்த மாதம் போட்ட புதுக் கூரை நினைவுக்கு வந்தது. போனை வாங்கி அந்த இரண்டாவது செய்தியைப் படித்தார்.

"அப்பாவுக்கும் மறுநாள்தானுங்க தெரிஞ்சுது. வந்துருச்சுன்னு நானே சொல்லிப்போட்டேன், இனி எந்த மூஞ்சிய வெச்சுட்டுக் கேக்கறதுன்னாரு. நீங்களா பாத்துக் கூப்புடுவீங்க, அதுவரைக்கும் போடாதேன்னாரு. கடைசிவரைக்கும் பாத்துட்டு இருந்தாருங்க. இப்ப நூல் மில்லுல பணம் கேட்டு நெருக்கறாங்க. உங்களை எத்தனையோ வாட்டி கூப்புட்டேன், நீங்க எடுக்கலைங்க."

தெரியாத எண்ணிலிருந்து வந்த அழைப்புகளை, ஏமாற்றுக்காரன் எவனோ என்று துண்டித்தது அப்போதுதான் சிகாமணிக்கு உறைத்தது. கூப்பிடு என்று சொன்னவர், அவள் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளவில்லை. வாசலில் நின்ற கூட்டம் இன்னும் கலையவில்லை.

இப்போது சொல்லுங்கள். பணம் வந்ததா என்று பார்க்காமலே வந்துவிட்டது என்ற பொங்கியண்ணனா, பதில் கிடைக்காமலே செக்கைப் போட்ட மேகலையா, செய்தியைப் படிக்காத சிகாமணியா? இந்த மூவரில் தலைகுனிய வேண்டியவர் யார், எதற்காக?

விடை இதுதான். மேகலை கேட்க வேண்டிய அளவு கேட்டுவிட்டாள். செய்தியைப் படிக்காதது கவனக்குறைவு, பணத்தைக் கொடுத்தால் அது தீர்ந்துவிடும். ஆனால் பார்க்காமல் பேசியவர்கள் இரண்டு பேர். பொங்கியண்ணன் பார்க்காமலே நம்பினார், சிகாமணி பார்க்காமலே திருடன் என்றார். தலைகுனிய வேண்டியது சிகாமணிதான், அந்த ஒரு சொல்லுக்காக. இதை யாரும் அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தறி ஒன்றை விற்று, அடுத்த சந்தை நாளில், அதே கூட்டத்துக்கு நடுவில், அதே மேசை முன்னால் நின்று பணத்தை அனுப்பினார். "பொங்கி திருடலைங்க, நாந்தான் பாக்கலை" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். பிறகு, "வந்துருச்சா அம்மணி?" என்றார். மேகலை போனை எடுத்தாள். கணக்கைத் திறந்து, தொகையைப் பார்த்து, மறுபடியும் ஒருமுறை பார்த்துவிட்டு, "வந்துருச்சுங்க" என்றாள். அவள் பார்த்து முடிக்கும்வரை சிகாமணி தரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.