பித்தளை வளையம் எங்கே போகிறது?

கோயம்புத்தூர் கணபதியில் பட்டறை வைத்திருந்த கங்காதரனுக்கு, புது ஆட்கள் ஆறு மாதம்கூடத் தங்குவதில்லையே என்று ஒரே எரிச்சல்.

"நோக்கம் தெரிஞ்சாத்தான் வேலையில ஆளுங்க நிப்பாங்க. அவங்கவங்க வேலை எதுக்குன்னு நாளைக்குக் காலையில சொல்லோணும். சொல்லத் தெரியாதவங்க வீட்டுக்குப் போலாம்" என்று உத்தரவு போட்டார்.

மறுநாள் முதலில் வேலாத்தாளைக் கூப்பிட்டார். ஒன்பது வருடமாகப் பித்தளை வளையத்தில் ஓட்டை போடுகிறவள் அவள். ஒரு வளையத்தை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"இது எதுக்குன்னு எனக்குத் தெரியாதுங்க. நீங்க சொல்லாததால ஏதோ ரகசியமாக்கும்னு கேக்காம இருந்துட்டேன். இன்னைக்குச் சொல்லிப்போடுங்க."

முதலாளி வளையத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் கூரையைப் பார்த்தார்.

"அப்ப எனக்கு முன்னாடி நீங்க வீட்டுக்குப் போகோணுமாட்ட இருக்குதுங்களே!" என்றாள் வேலாத்தாள்.

பட்டறையே சிரித்தது. சரக்கு ஏற்றிப்போகும் வேன் டிரைவர்தான் கடைசியில் வாயைத் திறந்தார். "குறைமாசக் குழந்தைகளுக்கு மூச்சுக் குடுக்குற மெஷின்ல வைக்கிறதுங்க. அதைச் செய்யுற கம்பெனியில சரக்கு இறக்கறப்பப் பாத்திருக்கேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமையே அந்தக் கம்பெனிக்குக் கூட்டிப்போய் மெஷினைக் காட்ட எல்லாரையும் வேனில் ஏற்றினார்கள். முன் சீட்டில் முதலாளி உட்கார்ந்திருந்தார்.

"நீங்களும் வாரீங்களா?" என்றாள் வேலாத்தாள்.

"நானும் பாத்ததில்லையே, அம்மிணி."

"வந்து பாருங்க. அப்புறம் நீங்களும் வேலைய விட்டுப் போக மாட்டீங்க."