டேங்குக்குள் தட்டும் முனி

கொல்லிமலையில் ஒரு ஆரஞ்சுத் தோட்டச் சரிவு; உச்சிவேளையிலும் பனிமூட்டம் விலகாது. பூச்சிமருந்து டேங்கு பொருத்திய டிரெய்லரை இழுத்துக்கொண்டு டிராக்டர் அதில் ஏறினாலே, டேங்குக்குள் யாரோ 'தொம், தொம்' என்று தட்டுவார்கள். அடுத்த நொடி டிரெய்லர் பக்கவாட்டில் கவிழும். இரண்டு டிரைவர்கள் கால் ஒடிந்து கிடந்தார்கள்.

"முனி தட்டுது. அச்சுல எலுமிச்சம்பழம் கட்டியாச்சு. ஓட்டு, இல்லேன்னா வேலையை விட்டுப் போ!" என்றார் தோட்ட முதலாளி வரதப்பன்.

புது டிரைவர் செங்கமலம் குனிந்து டிரெய்லரின் சக்கரங்களைப் பார்த்தாள். "சக்கரத்தை அகட்டி மாட்டச் சொன்னேனுங்களே?"

"வண்டியில ஒரு குறையும் இல்ல!"

அவள் கும்பிட்டாள். "சரிங்கய்யா. முதலாளியைக் கண்டா முனி அடங்கிடுமாம். நீங்க டேங்கு மேல உட்காருங்க."

கூலியாட்கள் ஏணியோடு வந்துவிட்டார்கள். கௌரவத்துக்காக வரதப்பன் ஏறி உட்கார்ந்தார். அவள் டிராக்டரை ஒரு முழம்தான் நகர்த்தினாள். அவருக்கு அடியிலேயே 'தொம்!' என்றது.

"நிறுத்துடி! பாதி டேங்கு மருந்துத் தண்ணி ஒரு பக்கமா மோதுது, சக்கரம் வேற குறுகல், கவிழ்ந்துடும்!"



செங்கமலம் இன்ஜினை அணைத்து இறங்கினாள். "யாராச்சும் ஸ்பானர் எடுத்தாங்க. முனியே இல்லையாம், முதலாளியே சொல்லிட்டாரு."