சேமிப்பு: இல்லை

சாலையோர மடத்தின் தலைவி ஞானவடிவு அம்மைக்கு வயது நாற்பது. அவளிடம் தீட்சை வாங்கிய மாசிலாமணிக்கு ஐம்பத்தாறு. தண்ணீர் லாரி ஓட்டுகிறவன். அவன் அவளைத் 'தாயே' என்பான், அவள் அவனை 'அண்ணே' என்பாள். ஊரில் சிலர் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், அவர்களுக்கென்ன!

மடத்தில் இல்லாதப்பட்ட பிள்ளைகளின் காலேஜ் ஃபீஸுக்கென்று ஒரு நிதி உண்டு. மாசிலாமணியின் மகள் பூவிழிக்கு நர்சிங் படிப்பில் இடம் கிடைத்திருந்தது. ஃபீஸும் ஹாஸ்டலுமாக வருஷத்துக்கு ஒன்றரை லட்சம், நாலு வருஷம். நிதி கிடைக்காவிட்டால் ரெண்டாம் வருஷத்தோடு பெட்டியைக் கட்டிக்கொண்டு அவள் வீட்டுக்கு வர வேண்டியதுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மாசிலாமணி விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து அம்மையிடம் கொடுத்தான். 'சேமிப்பு' என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதியிருந்தான். எழுதினதிலிருந்து அவன் அம்மையின் முகத்தைப் பார்க்கவில்லை.

மத்தியானப் பந்தியில் வடை பரிமாறுவது அவன் வேலை. அம்மையும் எல்லோரோடும் இலையில் உட்கார்ந்திருந்தாள். அவள் இலையில் ஒரு வடை போட்டுவிட்டு அவன் நாலு இலை தாண்டியிருப்பான்.

"அண்ணே, எனக்கு வடை வரலையே."

திரும்பிப் பார்த்தான். அம்மையின் இலை ஓரத்துக்கு அடியில் வடை பாதி தெரிந்தது.

"தாயே, இலைக்கு அடியில இருக்கே!"

"ஒளிக்காம கேட்டிருந்தா போட்டிருப்பீங்களா?"

"கேட்டா போட மாட்டேனா? ஏற்கெனவே ஒண்ணு இருக்கேன்னு பாதியாவது போட்டிருப்பேன். வடைக்குப் போய் யாராச்சும்..."

சிரிக்க ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்தினான். முகம் வெளுத்துவிட்டது. வாளியைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டுக் கொல்லைப்புறம் போய் நின்றான்.

கை கழுவிவிட்டு அம்மை அவன் விண்ணப்பத்தோடு அங்கே வந்தாள்.

"எப்படித் தெரிஞ்சுது, தாயே?"

"பன்னெண்டு வருஷமா வெளியில ஒரு டீ குடிக்காத மனுஷன், சேமிப்பு இல்லைன்னு எழுதினா யார் நம்புவா? முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கலாமா? எவ்வளவு இருக்கு?"

"ரெண்டு லட்சத்து நாப்பதாயிரம். போஸ்ட் ஆபீஸ்ல." அவன் குரலைத் தாழ்த்தினான். "சேமிப்பு இருந்தா நிதி கிடைக்காதுன்னு மச்சான் சொன்னான். எல்லாத்தையும் பூவிழி பேருக்கு மாத்திடு, உன் பேரு சுத்தமா இருக்கும்னான்."

"மாத்திட்டீங்களா?"

சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தான். "நாளைக்குத்தான் போஸ்ட் ஆபீஸ்ல கொடுக்கணும்."

அம்மை பெருமூச்சு விட்டாள். பிறகு சிரித்தே விட்டாள்.

"நல்லவேளை! அண்ணே, நம்ம நிதிக்கு ஒரு விதி இருக்கு. பெத்தவங்க பேர்ல இருக்கிற பணத்துல இருபதுல ஒரு பங்கைத்தான் படிப்புக்கு ஆகும்னு கணக்குல எடுத்துக்குவோம். பிள்ளை பேர்ல இருந்தா அஞ்சுல ஒரு பங்கு. குடியிருக்கிற வீட்டைப் பார்க்கிறதே இல்லை."

மாசிலாமணி விரல் விட்டு எண்ணினான். மறுபடியும் எண்ணினான்.

"என் பேர்ல இருந்தா இந்த வருஷம் பன்னெண்டாயிரம்தான் நான் போடணுமா? மாத்தியிருந்தா நாப்பத்தெட்டாயிரமா?"

"ஆமா. மிச்சம் மடம் கொடுக்கும்."

"அட, அந்த மச்சான் நாசமாப் போக!" என்று சொல்லிவிட்டு, மடத்தில் நிற்பது நினைவுக்கு வந்து வாயைப் பொத்திக்கொண்டான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எத்தனை நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பயம்! காகிதத்தைச் சுக்குநூறாகக் கிழித்தான். அம்மை நீட்டிய விண்ணப்பத்தில் 'இல்லை'யை அடித்துவிட்டு உள்ளதை எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

ஆனாலும் ஒன்று உறுத்தியது. கேட்காமல் போனால் சோறு இறங்காது.

"தாயே, கோவிச்சுக்கக் கூடாது. என் தம்பி வேலாயுதம் இருக்கான். சம்பாதிச்சதை எல்லாம் புல்லட் வண்டிக்கும் கிடா விருந்துக்கும் விட்டான். ஒரு காசு சேர்க்கலை. அவன் மகனுக்குப் போன வருஷம் முழுசும் மடமே கட்டுச்சு. வாயைக் கட்டி வயித்தைக் கட்டிச் சேர்த்தவன் நான். எனக்குப் பன்னெண்டாயிரம் குறையுது. அப்புறம் எதுக்குத் தாயே ஒருத்தன் சேர்க்கணும்?"

அம்மை விண்ணப்பத்தை மடித்து வைத்துக்கொண்டாள்.

"ஃபீஸ் கட்டின ரசீதைப் பிள்ளைங்க கையில்தான் கொடுப்போம், அண்ணே. யார் யார் எவ்வளவு கொடுத்தாங்கன்னு அதுல இருக்கும். வேலாயுதம் மகன் ரசீதுல மடத்தோட பேர் மட்டும்தான் இருந்துச்சு. அந்தப் பையன் அப்பா பேரைத் தேடி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்."

மாசிலாமணி கிழித்துப் போட்ட துண்டுகளைக் குனிந்து பொறுக்கினான்.

"பூவிழி ரசீதுல உங்க பேர் இருக்கும்."