விசில் அடிக்கும்வரை

நாச்சிமுத்து முப்பது வருஷம் பஸ் கண்டக்டர். ஓய்வு பெற்றதும், ஆதிமனிதர்கள் ஓவியம் தீட்டிய மலைக்குகைக்கு வழிகாட்டியாக வேண்டும் என்று ஆசைப்பட்டார். குகையின் கம்பிக்கதவுச் சாவி, இப்போதைய வழிகாட்டி மயிலாத்தாளிடம் இருந்தது. வயது முப்பத்திரண்டு, அவருடைய மகளைவிட இளையவள். இருந்தால் என்ன, குரு குருதான்.

மூன்று மாதம் அவள் பின்னால் ஏறி இறங்கினார். இன்று அவரே ஒரு கூட்டத்தை அழைத்துப் போக வேண்டும். தேறினால் சாவி. தேறாவிட்டால் வீட்டில் உட்கார்ந்து சீரியல்.

அடிவாரத்தில் கேட்டார்.

"அம்மணி, யானைப் படம் அவங்க கண்ணுக்குத் தெரியலைன்னா என்ன பண்றதுங்க?"

கேள்வியில் நியாயம் இருந்தது. படம் மங்கல். முன்பிருந்த வழிகாட்டிகள் பாறையில் தண்ணீர் அடிப்பார்கள். யானை பளிச்சென்று எழும். ஜனங்கள் கைதட்டுவார்கள். தண்ணீர் காய்ந்த இடத்தில் உப்புப் பூத்துப் பூத்து, யானையின் தந்தம் போயே போய்விட்டது. பாவிகள்!

மயிலாத்தாள் ஒரு பாட்டிலில் தண்ணீர் நிரப்பி அவரிடம் நீட்டினாள்.

"தெளிக்கச் சொல்றீங்களா?"

"எடுத்துட்டுப் போகச் சொல்றனுங்ணா."

உச்சி வெயில். பதினான்கு பேர். நாச்சிமுத்து முதலில் ஏறி, அன்றைக்கு மட்டும் மயிலாத்தாள் தந்திருந்த சாவியால் கதவைத் திறந்து, குகை நிழலில் காத்து நின்றார். மற்றவர்கள் மூச்சு வாங்க ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள்.

"எங்கீங்க யானை? வெறும் பாறையா இருக்குது?" என்றார் திருப்பூர்க்காரர் ஒருவர்.

"போன தடவை தண்ணி அடிச்சுக் காட்டினாங்களே. கையில பாட்டில் இருக்குதில்ல, ஊத்துங்க!" என்றார் அவர் மனைவி.

"ஊத்துங்க, ஊத்துங்க!" கூட்டமே கத்தியது.

நாச்சிமுத்து மூடியைத் திருகினார். திரும்பிப் பார்த்தார். மயிலாத்தாள் கடைசியில் நின்று செருப்பில் குத்திய முள்ளைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

தந்தம் இருந்த இடத்தில் வெள்ளைக் கறை. அதில் ஒரு கோடு அவர் போட்டது. முதல் வாரம், அவள் கூட்டத்தை வழியனுப்ப வெளியே போனபோது, ஆசை தாங்காமல் ஒரு கை தண்ணீர் அள்ளி அடித்திருந்தார்.

மூடியை இறுக்கினார்.

எனக்குத் தெரிகிற யானை இவர்களுக்கு ஏன் தெரியவில்லை?

அட! மத்தியான டிரிப்பில் வெயிலிலிருந்து பஸ்ஸுக்குள் ஏறுகிறவர்களுக்கும் கண் பழகும்வரை காலி சீட்டு தெரியாது. திருதிருவென்று நிற்பார்கள். எத்தனை பேரைக் கையைப் பிடித்து உட்கார வைத்திருப்பார்!

"எல்லாரும் உக்காருங்க!" பழைய குரல் வந்துவிட்டது. "கண்ணை மூடுங்க. விசில் அடிக்கிற வரைக்கும் ஒருத்தரும் தொறக்கக் கூடாது!"

சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு அடங்கியது. எங்கோ ஒரு மைனா கத்தியது. திருப்பூர்க்காரரின் மூச்சு சீரானது. நாச்சிமுத்து மனசுக்குள் முந்நூறு எண்ணினார். பையிலிருந்த விசிலை எடுத்து ஊதினார்.

"ஆத்தாடி, யானை!"

அந்த அம்மாள்தான். எழுந்தே விட்டார்.

"மேல ஆளு உக்காந்திருக்கான்! வயித்துக்கடியில பாருங்க, குட்டி! போன தடவை இந்தக் குட்டியைப் பாக்கலையே!"

தண்ணீர் காய்வதற்குள் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் குட்டியை எங்கே கண்டார்கள்? பதினான்கு பேரும் கைதட்டினார்கள். குகை அதிர்ந்தது. நாச்சிமுத்துவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

கூட்டம் இறங்கியபின், சாவியை வாங்கிக் கதவைப் பூட்டிய மயிலாத்தாள் அதைத் திரும்ப அவர் கையில் வைத்தாள். அவர் விரலை மடக்கவில்லை.

"அம்மணி, அந்தக் கறையில ஒரு கோடு நானுங்க."

"தெரியுமுங்ணா."

"தெரிஞ்சுமா என்ற கையில தண்ணியக் குடுத்தீங்க?"

"வெறுங்கையோட வந்திருந்தா, நீங்க ஊத்த மாட்டீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?" அவர் விரல்களைச் சாவிமேல் மடக்கிவிட்டாள். "தொண்டை காஞ்சிருக்கும். இப்பக் குடிங்க."