வெற்றிலை பிரித்த வெள்ளிக் காசு

முன்னொரு காலத்தில், எந்த நாடு என்று மட்டும் கேட்காதீர்கள், ஓர் அரசனுக்குத் தன் பட்டத்து யானைக்கு வெள்ளி மணிமாலை போட்டுப் பார்க்க ஆசை வந்துவிட்டது. கருவூலத்தில் பாட்டன் காலத்து வெள்ளிக் காசுகள் ஒரு குடம் நிறையக் கிடந்தன.

“எல்லாம் தேய்ந்த காசு, அரசே. உருக்கத்தான் லாயக்கு,” என்றார் கருவூல அதிகாரி அம்பலவாணர்.

“பழங்காசு சேர்க்கும் துறைமுகத்து மரைக்காயர் சில காசுகளுக்குப் பத்து மடங்கு விலை தருவாராமே? அவற்றைப் பிரித்தெடுக்க வேண்டாமா?”

“அந்த நுணுக்கம் அடியேனுக்குத் தெரியாது. விகடகவி பிச்சாண்டிக்குத்தான் தெரியாததே இல்லையே. அவரே பிரிக்கட்டும்.”

அம்பலவாணர் சொன்னது பச்சைப் பொய். ஒவ்வொரு காசின் விலையும் அவருக்கு அத்துப்படி. பிச்சாண்டி எல்லாவற்றையும் உருக்கத் தள்ளுவான், காசு உருக்கும் அக்கசாலைக்குப் போகும் வழியில் நல்லதைப் பொறுக்கிக்கொள்ளலாம் என்று பார்த்தார். பிச்சாண்டி ஒழிந்தால் அது கொசுறு.

“நண்பகலுக்குள் பிரித்துவிடும்,” என்றான் அரசன், பிச்சாண்டியை வரவழைத்து. “ஒரு நல்ல காசு வீணானாலும் நீர் இந்த நாட்டில் இருக்கக் கூடாது.”

பிச்சாண்டிக்குக் காசைச் செலவழிக்கத் தெரியுமே தவிர வேறொன்றும் தெரியாது. ஆனால் ஆள் அசரவில்லை.

“உருக்கும் காசு மறுபடி சந்தைக்கு வராதபடி அக்கசாலையில் இரண்டாக வெட்டுவார்கள் அல்லவா, அரசே? அதை இங்கேயே செய்துவிடுகிறேன். உளியும் சுத்தியலும் வேண்டும். வழக்கப்படி அதிகாரி எதிரே சாட்சியாக உட்கார வேண்டும்.”

அம்பலவாணர் வேறு வழியின்றி வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு உட்கார்ந்தார். பிச்சாண்டி ஒவ்வொரு காசின் மேலும் உளியை வைத்தான், சுத்தியலை ஓங்கினான், ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தான். சிலவற்றை வெட்டினான், சிலவற்றை எடுத்து வைத்தான். வெயில் உச்சிக்கு வருமுன் குடம் காலியானது.

மரைக்காயரை வரவழைத்தார்கள். அவர் இரண்டு குவியலையும் புரட்டிப் பார்த்தார். “வெட்டினதுல ஒண்ணுகூட நல்ல காசு இல்லீங்க. எடுத்து வச்சதுல ஒண்ணுகூட கழிசல் இல்லீங்க,” என்றார்.

அரசன் வியந்துபோனான். “எப்படிக் கண்டுபிடித்தீர்?”

“நான் காசைப் பார்க்கவே இல்லை, அரசே. இவர் வாயைப் பார்த்தேன். மென்றுகொண்டிருந்தால் வெட்டினேன். மெல்லுவதை நிறுத்தினால் எடுத்து வைத்தேன்.”

அரசன் அம்பலவாணர் பக்கம் திரும்பினான். “நுணுக்கம் தெரியாது என்றீரே?” அரசன் வயிறு குலுங்கச் சிரித்தான்.

“பிச்சாண்டி, எடுத்து வைத்ததில் ஒன்று உமக்கு. எது வேண்டும்?”

பிச்சாண்டி யோசிக்காமல் கறுத்துப்போன ஒரு காசை எடுத்தான். “இதுதான். இதற்கு அவர் வெற்றிலையையே விழுங்கிவிட்டார்.”

மரைக்காயர் அந்தக் காசை ஏக்கத்தோடு பார்த்துத் தலையாட்டினார்.

“நல்ல காசை எல்லாம் எடுத்துவிட்டால் மணிமாலைக்கு வெள்ளி குறையுமே,” என்றான் அரசன். “அம்பலவாணரே, உமது வெற்றிலைப் பெட்டி வெள்ளிதானே?”

அன்று முதல் பட்டத்து யானை கழுத்தை ஆட்டும்போதெல்லாம் அம்பலவாணரின் வெற்றிலைப் பெட்டி ஊருக்கே கேட்கும்படி ஒலித்தது. அவரோ வெற்றிலை போடுவதையே விட்டுவிட்டார்.