உச்சியில் தொடங்கும் மலை

"குருவே, எந்த மலையிலும் பாதிக்கு மேல் ஏற முடியவில்லை. திரும்பிவிடுகிறேன்."

எபிசியோ இதைச் சொன்னபோது பொனாரியா அத்திப்பழம் தின்றுகொண்டிருந்தாள். சார்தீனியாத் தீவின் கிழக்குக் கரையில் பாறையேற்றம் கற்றுத்தருபவள். குரு என்றதும் தாடியைத் தேடுகிறவர்கள் மன்னிக்க வேண்டும். மாணவனைவிட அவள் இளையவள்.

"கால் வலிக்கிறதா?"

"இல்லை."

"கை?"

"இல்லை. பாதி வந்ததும் வீட்டு ஞாபகம் வந்துவிடுகிறது. அடுப்பு, கட்டில், நாய்."

"நாய்க்கு என்ன பெயர்?"

"குருவே, என்னோடு கயிறு கட்டிக்கொள்ள இப்போது யாரும் வருவதில்லை. நீங்களும் கைவிட்டால் மலையை மறந்துவிட வேண்டியதுதான்."

அவள் விரல்களைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

மலை அடிவாரத்தில் தொடங்கும் என்பது பூகோளப் பாடம். பாடம் எழுதியவர்கள் அந்தக் கரைக்கு வந்ததில்லை போலும். அங்கே நிலத்தின் பக்கமிருந்து உச்சிவரை ஆட்டுப்பாதை போகிறது. உச்சிக்கு அப்பால் வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை செங்குத்தாகக் கடலுக்குள் இறங்கிவிடுகிறது.

ஆடுகளுக்குப் பின்னால் நடந்து இருவரும் உச்சிக்குப் போனார்கள்.

"வந்துவிட்டோமே," என்றான் எபிசியோ, சற்று ஏமாற்றத்தோடு.

"உச்சி முடிந்தது. இனி மலை."

பாறையில் பதித்திருந்த இரும்பு வளையத்தில் நீளக் கயிற்றைக் கோத்து, இரு முனைகளையும் கடலை நோக்கித் தொங்கவிட்டாள். கயிற்றைப் பிடித்து இறங்கினார்கள்.

கீழே ஒரு சிறிய பாறைத்திட்டு. அலை காலை நனைத்தது. எபிசியோ நிமிர்ந்து பார்த்தான். வானத்தில் பாதியைப் பாறை எடுத்துக்கொண்டிருந்தது. அதன் வயிற்றில் கடலின் வெளிச்சம் அசைந்தது. எங்கோ ஒரு குகைக்குள் தண்ணீர் மூச்சுவிட்டது.

கோயிலுக்குள் நுழைந்தவன்போலத் தலைக்கவசத்தைக் கழற்றப் போனான்.

"போட்டுக்கொள். கல் விழும்," என்றாள்.

பிறகு கயிற்றின் ஒரு முனையை இழுத்தாள். மறுமுனை மேலே ஓடி, வளையத்தைக் கடந்து, சீறிக்கொண்டு அவர்கள் காலடியில் விழுந்தது.

"குருவே, கயிறு."

"ஆமாம்."

"வீட்டுக்கு எப்படிப் போவது?"

அவள் முகவாயால் மேலே காட்டினாள்.

"படகு வருமா?"

"சொல்லிவைக்கவில்லை."

"நீந்தினால்?"

"நீந்தத் தெரியுமா?"

"தெரியாது."

அவன் இடுப்பில் கயிற்றைக் கட்டி, மிச்சத்தைத் தன் கையில் வைத்துக்கொண்டாள்.

அவன் ஏறினான். வழியில் அடித்திருந்த ஆணிகளில் கயிற்றை மாட்டி மாட்டி ஏறினான். காலுக்குக் கீழே கடல் பச்சையாயிற்று, நீலமாயிற்று, பிறகு பெயரில்லாத ஒரு நிறமாயிற்று. அவனுக்குக் கீழே ஒரு வல்லூறு பறந்துபோனது. பறக்கும் பறவையின் முதுகை அவன் அதுவரை பார்த்ததில்லை.

நின்றுவிட்டான்.

"குருவே, பாதி வந்துவிட்டேன்."

"சரி."

"வீட்டு ஞாபகம் வந்துவிட்டது."

"வரட்டும்."

"திரும்ப வேண்டும், குருவே."

பொனாரியா ஒரு கை நீளம் கயிற்றை விட்டுக்கொடுத்தாள்.

"திரும்பிக்கொண்டுதானே இருக்கிறாய்."